மகாதோவின் நான்கு எதிரிகள்

மகாதோ கராத்தே பழகத் தொடங்கிய மூன்றாம் வருஷம், ஒரு நாள் காலை, பின்பக்கமாகத் திரும்பி முழங்கையால் காற்றை இடித்தபோது ஓர் ஆள் தரையில் விழுந்தான். அதற்கு முந்தின நொடிவரை அந்த இடத்தில் யாரும் இருக்கவில்லை. விழுந்தவன் எழுந்து, விலாவைத் தடவிவிட்டுக்கொண்டு, பயிற்சி முடிந்ததும் எல்லோரும் செய்வதுபோல முறையாகக் குனிந்து வணங்கினான். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டான். மழைக்காலம் தொடங்கிவிட்டபடியால் அந்த மாதம் யோனபாருவில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மகாதோ கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தாள். முழு வாளியையும் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டவனிடம், எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டாள்.

"உங்களுக்குப் பின்னாடியிருந்துங்க," என்றான்.

அது உண்மைதான் என்பதால் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சூளைக்கு நேரமாகிவிட்டது.

ஓக்கினாவா தீவு முழுக்கக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் பாதிச் சனம் அமெரிக்கக்காரர்களின் கூடாரத் துணிக்குக் கீழேதான் குடியிருந்தது. யோனபாருவின் மலைச் சரிவில் வெட்டும் கறுப்புக் களிமண் வெந்தால் சிவந்த ஓடாகும். அந்த ஓட்டுக்குத் தலைநகர் நாஹா வரைக்கும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மகாதோ அந்தச் சூளையில் ஓடு சுமந்தாள். தலையில் ஓட்டு அடுக்கோடு ஈரக் களிமண்ணில் வழுக்காமல் நடப்பதில் அவளுக்கு இணை கிடையாது. கோபத்திலும் இணை கிடையாது. அவள் புருஷனைப் போரின் கடைசி மாதத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்ப வந்தது ஒரு மரப்பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கடற்கரைக் கல். பல வீடுகளுக்கும் அப்படித்தான் வந்தது. மற்றவர்கள் கல்லை வைத்து அழுதார்கள். மகாதோ பெட்டி கொண்டுவந்த ஆளைத் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு போனாள்.

ஒருநாள் மேஸ்திரி உடைந்த ஓடுகளையெல்லாம் அவள் தலையில் கட்டப் பார்த்தார். "நான் உடைச்சா எப்படி இருக்கும்னு பாக்குறியா?" என்று சொல்லி, அடுக்கி வைத்திருந்த ஓடுகளின் மேல் முஷ்டியை இறக்கினாள். மேலிருந்த ஓடு முழுசாக இருந்தது, அடியில் இருந்ததும் முழுசாக இருந்தது, நடுவில் இருந்தவை மட்டும் தூளாகியிருந்தன. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கையை முடி வெட்டுற தமயோசேகிட்ட கொண்டுபோம்மா. இங்கே வேணாம்," என்றார்.

தமயோசே அவளைவிட ஐந்தாறு வயது இளையவர். கடைக்குப் பின்னால் ஆலமரத்தடியில் மண்தரையை இறுக்கி, ஒரு பலகை நட்டு அதில் வைக்கோல் சுற்றி வைத்து, போலீஸ்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் கராத்தே சொல்லிக்கொடுத்துவந்தார். பேச்சில் மிகவும் சாது. மகாதோ வந்து நின்றதும் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது ஆம்பளைங்க பழகுற இடம்."

"யோனபாருல ஆம்பளைங்க எத்தனை பேரு மிச்சம் இருக்காங்கன்னு எண்ணிச் சொல்லுங்க மாஸ்டர். நான் போயிடறேன்."

தமயோசே மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நாற்காலியில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, பின்கதவைத் திறந்துவிட்டார்.

முதல் வருஷம் நிற்கக் கற்றாள். இரண்டாம் வருஷம் திரும்பக் கற்றாள். வைக்கோல் பலகையைக் குத்திக் குத்தி விரல் மூட்டுகள் பட்டாணி போலத் திரண்டன. அதற்குப் பிறகு தமயோசே அவளுக்குக் குஷாங்கு என்னும் நீண்ட கட்டாவைத் தொடங்கிவைத்தார். கட்டா என்பது ஒற்றை ஆள் போடும் சண்டை. நாலு திசையிலிருந்தும் அடி வருவதாக வைத்துக்கொண்டு தடுக்க வேண்டும், குத்த வேண்டும், குதிக்க வேண்டும், தரையோடு பதுங்க வேண்டும். ஒரு விரல்கூட இடம் மாறக் கூடாது. தமயோசே எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். "காத்தை அடிக்காதீங்கக்கா. எதிர்ல ஒருத்தன் நிக்கணும். அவன் எவ்வளவு உசரம், எந்தக் கால்ல பாரம் போட்டிருக்கான், மூச்சை இழுக்குறானா விடுறானா, எல்லாம் தெரியணும். தெரியாம அடிச்சா அது டான்ஸு." இதைக் கேட்டுத் தலையாட்டாத மாணவன் கிடையாது. மகாதோ ஒருத்திதான் சொன்னபடியே செய்தாள். ஓடு சுமக்கும்போதெல்லாம் அதே யோசனை. இடப்பக்கத்து ஆளுக்கு ஒரு முழங்கால் கொஞ்சம் பலவீனம் என்று முடிவு செய்தாள். வலப்பக்கத்தவன் இடதுகைக்காரன். எதிரே வருபவன் நெட்டை. பின்னால் வருபவன் அடிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, அப்புறம் பாய்கிறவன். இப்படி ஒரு வருஷம் யோசித்த பிறகுதான் பின்னால் வந்தவன் விழுந்தான். மற்ற மூன்று பேரும் அந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தார்கள்.

தமயோசே நால்வரையும் வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டினார். பல வருஷம் கத்தரி படாத முடி. பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி, அடிபட்ட இடங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு காயமும் கட்டாவில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. "நெட்டையனுக்கு மட்டும் உதை ரெண்டு விரக்கடை கீழே இறங்கியிருக்குக்கா. இடுப்பைத் திருப்புங்க," என்றார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஊராட்சி அலுவலகத்திலும் சிரமம் இருக்கவில்லை. போரில் குடும்பப் பதிவேடுகள் எல்லாம் எரிந்துபோய், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைச் சனங்களின் வாய்வார்த்தையை வைத்தே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முழு உடம்போடு வந்து எதிரே நின்று நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னால், இல்லை என்று சொல்வதற்கு எந்தக் குமாஸ்தாவுக்கும் மனசு வராது. மகனை இழந்த வீடுகள் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தன. நெட்டையன் சூளையில் தீ போட்டான். இடப்பக்கத்தான் நாஹா பஸ்ஸில் கண்டக்டரானான். இடதுகைக்காரன் சான்ஷினின் மூன்று தந்திகளையும் தலைகீழாகப் பூட்டிக்கொண்டு கல்யாண வீடுகளில் வாசித்தான். பின்னாலிருந்து வந்தவனுக்கு ஆன்சேய் என்று பெயர் வைத்தார்கள். அவன் மீன்படகில் ஏறினான்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. மகாதோ குஷாங்கு போடும்போதெல்லாம் நால்வரும் எங்கே இருந்தாலும் தங்கள் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டார்கள். கையில் கரித்துடுப்போடு நெட்டையன் வந்து உதை வாங்கினான். கண்டக்டர் ஓடும் பஸ்ஸிலிருந்து மறைந்து, டிக்கெட் பையோடு வந்து குத்து வாங்கி, வணங்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு ஓடினான். வருவது எளிது, திரும்பிப் போவதுதான் நடை. ஆன்சேய் ஒருமுறை நடுக்கடலிலிருந்து வந்துவிட்டு, படகு திரும்பும்வரை கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு பேசி வைத்துக்கொண்டார்கள். வேலைகள் தொடங்குவதற்கு முன், விடிந்த கையோடு, ஒரே ஒரு தடவை. அவள் பாவம் பார்த்து மெதுவாக அடித்த நாளில் கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன மகாதோக்கா, நான் என்ன வைக்கோல் பொம்மையா? போடறதா இருந்தா ஒழுங்காப் போடுங்க," என்றான்.

அவர்கள் உயிருள்ள ஆட்கள் ஆகையால் தினமும் அடிவாங்கி அடிவாங்கித் தேறவும் செய்தார்கள். இடதுகைக்காரன் அவள் குத்து வரும் வழியைக் கண்டுபிடித்து நழுவினான். நெட்டையன் உதைக்குமுன் அவள் காலைப் பிடிக்கப் பழகினான். கட்டாவிலோ ஒரு விரல்கூட இடம் மாறக் கூடாது. ஆகவே மகாதோ அதே அசைவை அவர்களுக்கு முன்னால் முடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வேகமானார்கள், அவள் அவர்களைவிட வேகமானாள். வருஷங்கள் போகப் போக அந்த ஆலமரத்தடியில் நடந்தது என்ன என்று சொல்லப் பார்த்தவர்களுக்கே வார்த்தை கிடைக்கவில்லை. அவள் திரும்பும்போது ஆலிலைகள் திரும்பின. அவள் கத்தினால் அடுத்த தெருவில் சோயா விழுது ஊறும் மிசோ ஜாடிகளின் மூடிகள் எழுந்து அமர்ந்தன. படகுக்காரர்கள் வலையைத் தோளில் போட்டபடி நின்று பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போனார்கள். தமயோசே ஒருநாள் தன் மனைவியிடம், "நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவு இல்லை," என்று சொன்னார். அதில் பொறாமை இல்லை.

ஊரில் சிலர் அவளிடம் கேட்கவும் செய்தார்கள். நாலு பேரை வரவழைத்தவள் தன் புருஷனை வரவழைக்கக் கூடாதா? மகாதோ அதை முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு திசையிலும் அவர் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். அவர் உயரம் தெரியும், மூச்சு தெரியும், எந்தக் காலில் பாரம் போடுவார் என்பதும் தெரியும். யாரும் வரவில்லை. "அவரை அடிக்கணும்னு எனக்குத் தோண மாட்டேங்குதே," என்று சூளையில் பக்கத்தில் சுமப்பவளிடம் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஆன்சேய், தோமி என்ற நூடுல்ஸ் கடைக்காரியைக் கட்டிக்கொண்டான். தோமி போரில் முதல் புருஷனை இழந்தவள். கடைவீதியில் அவள் வாய்க்குப் பயந்து நாய்கள்கூட எதிர்ப்பக்கமாகப் போகும். கல்யாணத்தன்று விருந்து பாதியில் இருந்தபோது, சந்தோஷ மிகுதியில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மகாதோ கல்யாண வீட்டு முற்றத்தில் குஷாங்குவைத் தொடங்கிவிட்டாள். மறுநாள் காலை தோமி ஆலமரத்தடிக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, உனக்கு அறிவு ஏதாவது இருக்கா? பன்றிக்கறியில கை வெக்கிறான், காணோம்! வந்திருந்தவங்க முன்னாடி காலி பாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். திரும்பி வர்றான், விலாவைப் பிடிச்சிக்கிட்டு. மாப்பிள்ளை வர்ற கோலமா அது?"

"தப்புதான் தோமி. கை அரிச்சுது."

"கை அரிச்சா சொறிஞ்சுக்கோ. என் புருஷன் கேட்டுதா?"

ஆன்சேய் இருவருக்கும் நடுவில் நின்று, "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை," என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு பெண்களும் அவனைக் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் தீவின் கராத்தே பள்ளிகள் சேர்ந்து, நாஹாவில் பொதுவாகக் கறுப்பு பெல்ட் தேர்வு வைப்பதென்று முடிவாயிற்று. தமயோசே மகாதோவின் பெயரைக் கொடுத்தார். பெண்பிள்ளைக்குத் தேர்வா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத தமயோசே கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறிப் போய், பெரியவர்கள் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு உட்கார்ந்தார். இப்படி ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கடைசியில் கிபோ என்ற மூத்த ஆசான், "வந்து காட்டட்டும். குஷாங்குவே காட்டட்டும்," என்றார். அதைக் கேட்டு யோனபாருவே ஒரு சுற்றுப் பெருத்ததுபோல் ஆயிற்று. மேஸ்திரி சூளைக்கு ஒருநாள் விடுமுறை விட்டார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புயலில் படகின் பாய்மரக் கட்டை சுழன்று ஆன்சேயின் விலாவில் அடித்தது. இரண்டு எலும்புகள் முறிந்து, காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. அடிபட்ட இடம் மகாதோவின் முழங்கை தினமும் விழும் அதே இடம். மருத்துவர், ஆள் பிழைப்பான், ஆனால் அந்த இடத்தில் இனி ஒரு தட்டுத் தட்டினாலும் எலும்பு உள்ளே போய்விடும் என்றார். மகாதோ அன்றோடு பயிற்சியை நிறுத்தினாள். மற்ற மூவரும் விடியற்காலையில் தாமாக வந்து ஆலமரத்தடியில் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். அவள் ஓடு சுமந்துகொண்டே, பின்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வருஷம் யோசித்து உண்டாக்கிய ஆளை மூன்று வாரத்தில் இல்லையென்று ஆக்குவது நடக்கிற காரியமா என்று அவளுக்கே தெரியவில்லை. தேர்வை விட்டுவிடலாம் என்றால், தமயோசேயின் முழங்கால்களில் மண்டியிட்ட புண் இன்னும் ஆறவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் தோமி வந்தாள். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்றாள்.

"அவன் சொல்லி அனுப்பியிருக்கான். யோசிக்காம போடச் சொல்லு, நான் வர்றேன்னு."

"வேணாம்னு சொல்லு. அந்த இடத்துல ஆளில்லைன்னுதான் நினைச்சுத் திரும்பப் போறேன்."

"நீ நினைக்காட்டியும் வருவானாம். அது அவன் இடமாம். எழுந்து உக்கார முடியலை, பேச்சைப் பாரு." தோமி வேலியைப் பிடித்துக்கொண்டாள். "மகாதோ, நான் ஏற்கெனவே ஒரு கல்லை வெச்சு அழுதவ. இன்னொரு பெட்டி என் வீட்டுக்கு வராது. சொல்லிட்டேன்."

நாஹாவில் தேர்வு நடந்த இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை மண்டபம். முதலில் சண்டை. கோசாவிலிருந்து வந்த இளம் போலீஸ்காரன் ஒருவனை அவளுக்கு எதிரே நிறுத்தினார்கள். தோள் கதவு அகலம் இருந்தது. அவன் பாய்ந்து குத்தியபோது மகாதோ பின்வாங்கவில்லை. குத்துக்குப் பலம் பிறக்குமுன் அது கிளம்பும் இடத்துக்கே போய் நின்றாள். அவன் திரும்பக் குத்தினான். திரும்பவும் அங்கே அவள் நின்றாள். மூன்றாவது முறை அவன் குத்தவே இல்லை. அவள் முஷ்டி அவன் தொண்டைக்குழியில் வியர்வையை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. அவன் பின்னால் நகர்ந்து, தன் தாயை வணங்குவதுபோல் வணங்கினான். மண்டபத்தில் வாய்விட்டுப் பேசக் கூடாது என்பதால் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

பிறகு கட்டா. சண்டையில் கையை நிறுத்தலாம். கட்டாவில் அடி என்றால் முழு அடி. மகாதோ இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களின் இடைவெளியில் கூரையைப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். இடப்பக்கம் கண்டக்டர் டிக்கெட் பையோடு வந்து விழுந்தான். வலப்பக்கம் இடதுகைக்காரன். எதிரே நெட்டையன், உதை இம்முறை சரியான உயரத்தில் விழுந்தது. தேர்வாளர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் இவர்களும் பெயர் கொடுத்தவர்களா என்று மெதுவாகக் கேட்டார். கிபோ கையை உயர்த்தி அவரை அடக்கினார். மகாதோ பதுங்கி எழுந்தாள். பின்னால் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, வருஷக்கணக்கான வேகத்தோடு திரும்பி முழங்கையை விட்டாள்.

ஆன்சேய் அங்கே நின்றான். படுக்கைத் துணியோடு, காய்ச்சலில் சிவந்த கண்ணோடு, விலாவை மறைக்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தபடி, கடை ஏப்ரனில் மாவோடு, தோமியும் கூடவே வந்திருந்தாள்.

முழங்கை நின்றது. எப்படி நின்றது என்று மகாதோவுக்கும் தெரியாது. தோளில் ஏதோ கிழிந்த சத்தத்தைக் கடைசி வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். அடிக்குப் போக இடமில்லாமல், மண்டபத்தின் பின்சுவரில் இருந்த ஜன்னல்கள் அத்தனையும் சட்டத்தோடு வெளிப்பக்கம் போய் விழுந்தன. ஆன்சேயின் படுக்கைத் துணி ஒருமுறை காற்றில் எழுந்து அடங்கியது. அவன் முழங்கால் மடங்கிச் சரியப் பார்த்தபோது மகாதோ நல்ல கையால் அவனைத் தாங்கி, தரையில் உட்காரவைத்து, தோமியின் மடியில் தலையைச் சாய்த்தாள். பிறகு எந்த இடத்தில் விட்டாளோ அந்த இடத்துக்குத் திரும்பி, ஒற்றைக் கையோடு மிச்சக் கட்டாவை முடித்து, வணங்கினாள்.

பிறகு கிபோ கேட்டார். "அந்த இடத்துல ஏம்மா அடிக்கலை?"

"அவருக்கு விலா முறிஞ்சிருக்குங்க ஐயா."

"கட்டாவுல எதிரிக்கு விலா முறிஞ்சிருந்தா என்ன, முறியாட்டி என்ன?"

"அது எனக்குத் தெரியலைங்க. திரும்பினேன், பாத்துட்டேன். பாத்த பின்னாடி எப்படி அடிக்கிறது?"

தேர்வாளர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். ஓர் அசைவு விடுபட்டிருக்கிறது, கட்டா முழுமையாகவில்லை என்று கிபோ தீர்ப்புச் சொன்னார். குரலில் கடுமை இல்லை, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். தமயோசே தன் மாணவியைவிட ஆழமாகக் குனிந்து வணங்கினார். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். ஆன்சேயைப் பின் இருக்கையில் நீட்டிப் படுக்கவைத்தார்கள். போகும்போது பஸ் ஏறாமல் வரும்போது மட்டும் ஏறுபவர்களுக்கு என்ன டிக்கெட் கொடுப்பது என்று கண்டக்டர் குழம்பி, கடைசியில் யாருக்குமே கொடுக்கவில்லை. மகாதோ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவமானம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அது வரவில்லை, பசிதான் வந்தது.

பத்து நாள் கழித்து தோமி ஒரு சட்டி நிறைய எலும்புக் குழம்பு நூடுல்ஸோடு வந்து, இம்முறை வேலிக்குள் நுழைந்து, கட்டுப்போட்ட தோளை முறைத்துப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"சட்டி தூக்கினா வலிக்கும்."

"அப்ப தூக்காதே, ஊட்டிவிடறேன்." ஊட்டியும் விட்டாள். பாதிச் சட்டி காலியானதும், "அடுத்த வருஷம் அவன் சரியாயிடுவான். அப்ப நல்லா ஒண்ணு போடு. என் பங்குக்கும் சேத்து. வீட்டுல சொல்ற பேச்சே கேக்கறதில்லை," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

ஆன்சேய்க்கு எலும்பு கூடியது. மகாதோவுக்குத் தோள் ஆறியது. ஆனால் திரும்பப் பயிற்சி தொடங்கியபோது, அந்த இடம் வந்ததும் முழங்கை தானாக நின்றது. மற்ற மூவருக்கும் வழக்கமான அடி. ஆன்சேய்க்கு மட்டும் துணியைத் தொட்டு ஒரு மூச்சு நேரம் நிற்கும். ஆன்சேய்க்கு அது மனக்குறையாகவே இருந்தது. "நான் மட்டும் என்னங்க பாவம் பண்ணினேன்?" என்பான். தமயோசே திருத்தப் பார்த்தார். பலகையில் அடிக்கவைத்தார், தண்ணீரில் அடிக்கவைத்தார். எங்கும் முழங்கை இடியாக இறங்கியது, அந்த ஓரிடத்தைத் தவிர. மகாதோ மறுவருஷத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் கொடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் கிபோ முன்னறிவிப்பு இல்லாமல் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் அவரை ஆலமரத்தடி வரைக்கும் கொண்டுவந்து விட்டான். கையில் ஒரு துணி மூட்டை. மெலிந்திருந்தார், சரியாகத் தூங்காதவர்போல் இருந்தார். தமயோசே பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். கிபோ உட்காரவில்லை.

"இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா," என்றார்.

மகாதோ போட்டாள். நால்வரும் வந்தார்கள். பின்னால் திரும்பும் இடத்தில் முழங்கை ஆன்சேயின் சட்டையைத் தொட்டு நின்றபோது, கிபோ கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். முடிந்ததும் சொன்னார்.

"அன்னிலேர்ந்து எனக்கும் அந்த இடத்துல ஒருத்தன் நிக்கிறாப்பல இருக்கு. திரும்பினா மூச்சுச் சத்தம் கேக்குது. நாப்பது வருஷமா அவனை அடிச்சிட்டே இருந்திருக்கேன் போல."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வயதில், அந்தக் குளிரில், அவரே குஷாங்குவைத் தொடங்கினார். பழைய பள்ளியின் பழைய குஷாங்கு. பார்த்தவர்கள் கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் திரும்பினார். முழங்கையை நிறுத்தினார். அங்கே ஒடுங்கிய தோளோடு ஒரு மனிதன் கூனிக்குறுகி நின்றான். வெகுகாலம் அடிபட்டவன் என்பது பார்த்தாலே தெரிந்தது. அடி விழாததால் அவன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

"மன்னிச்சிடுப்பா," என்றார் கிபோ.

"பரவாயில்லைங்க," என்றான் அவன். "குளிருது."

தோமி தன் மேல்துணியை எடுத்து அவன்மேல் போட்டு, கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சூடாக நூடுல்ஸ் கொடுத்தாள். கிபோ மூட்டையை அவிழ்த்து ஒரு கறுப்பு பெல்ட்டை எடுத்து, கத்தரிக்காய் கொடுப்பதுபோல மகாதோவின் கையில் கொடுத்தார். பேச்சு எதுவும் இல்லை. தமயோசே மட்டும் கடைக்குள் போய் வெகுநேரம் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். மகாதோ இடுப்பில் கட்டிய பெல்ட்டைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே சூளைக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் அது ஓட்டுத் தூளில் சிவந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் கிபோ தன் ஆளை அழைத்துக்கொண்டு நாஹா திரும்பினார். அவன் கடைசிவரை அவர் வீட்டிலேயே இருந்து கோழி வளர்த்தான்.

கிபோ போட்டால் தீவு போட்ட மாதிரி. ஓரிரு வருஷத்தில் ஷூரியிலும் தோமாரியிலும் இதோமான் படகுத்துறையிலும் குஷாங்கு பழகியவர்கள் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிற்கத் தொடங்கினார்கள். சிலருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. சிலருக்கு வந்தார்கள். வந்தவர்கள் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். ஊர் பிடித்திருந்தால் தங்கினார்கள், பிடிக்காதவர்கள் வந்த வழியே போனார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மூச்சுக்காக இன்றைக்கும் மதிப்பெண் குறைக்கிறார்கள். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. மகாதோவுக்கு அதன்பிறகு பெல்ட்டில் பட்டைகள் கூடின, தலைமுடி நரைத்தது, நெட்டையனுக்கு விழும் உதை தவிர வேறெதுவும் மெதுவாகவில்லை.

யோனபாருவின் பெரிய வடம் இழுக்கும் திருவிழாவில் கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் மோதும். போருக்குப் பிறகு எல்லா வருஷமும் வடத்தின் பாதி நீளத்துக்கு மேல் கை வைக்க ஆளில்லாமல், மிச்சம் தரையில் கிடக்கும். பின்னாலிருந்து வந்தவர்கள் ஊரில் தங்கத் தொடங்கிய பிறகு ஒரு கோடையில் வடத்தின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஆட்கள் நின்றார்கள். இடமில்லாமல் சிலர் அடுத்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். மேற்கே மகாதோ, கிழக்கே தோமி. கிழக்கு ஜெயித்தது. மேற்குத் தெருக்காரர்கள் அதை இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. வடம் வழுக்கியது என்கிறார்கள், நடுவர் கிழக்குத் தெருவில் பெண்ணெடுத்தவர் என்கிறார்கள். ஆள் போதவில்லை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.